வாலிலிருந்து படித்த எண்

ஜூன் 3

அக்காவுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் போட்டுவிடாதே. அப்பாவுக்கு அடிபட்டிருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. நீ பதறக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். தூறிக்கொண்டிருந்தது. அப்பா வேலைக்குக் கிளம்பி, தோளில் இரண்டு குழாயை வைத்துக்கொண்டு நம் ஜன்னலுக்குக் கீழே ரோட்டைக் கடந்தார். ஒரு வெள்ளை வேன் வேகத்தடையில் கொஞ்சம்கூடக் குறைக்காமல் வந்து இடித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்து உள்ளே தட்டு வைத்திருக்கிறார்கள். இனிமேல் உட்கார்ந்து எழுந்து குழாய் வேலை பார்க்க முடியுமா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

நான் அப்போது ஜன்னலில்தான் இருந்தேன். செருப்புக் கடைக்கு அட்டைப் பெட்டி மடித்துக் கொடுக்கிறேன். வெளிச்சத்துக்காக அங்கேதான் உட்காருவது. எனக்குக் கத்த வரவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஆனால் கை எழுதிவிட்டது. மடித்துக்கொண்டிருந்த பெட்டியின் மூடியில் வேனின் எண்ணை 3817 என்று எழுதிவிட்டுத்தான் கீழே ஓடினேன். முன்னால் இருக்கிற எழுத்துகளை நாம் என்றைக்கு எழுதினோம்? நாலு எண் மட்டும்தான்.

மூடியைப் போலீஸ்காரர்கள் வாங்கிப் போனார்கள். இரண்டே நாளில் பிடித்துவிட்டார்கள். ரொட்டித் தொழிற்சாலை வேன். வெள்ளை. முன்பக்கம் ஒடுக்கு வேறு இருக்கிறதாம். ஓட்டுகிறவரை உள்ளே வைத்திருக்கிறார்கள். மாடிப்படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம், "பள்ளிக்கூடம் போகாட்டி என்ன, என் பொண்ணு கண்ணு கேமரா" என்கிறார்.

நாம் ஜன்னலில் வண்டி எண் எழுதி விளையாடியது வீண் போகவில்லை என்று உன்னிடம் சொல்லத் தோன்றியது. உனக்கு எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் வராது.

தங்கை

*

ஜூன் 9

அடியே வாய்ப்பூட்டு,

உன் கடிதத்தைக் கழிவறைக்குள் நின்று படித்தேன். இந்த முதியோர் இல்லத்தில் தனியாக நிற்க வேறு இடம் கிடையாது. வெளியே நாலாம் நம்பர் படுக்கைத் தாத்தா, "உள்ள யாரு, செத்தா போயிட்டே?" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆமாம், பாதி செத்துத்தான் போனேன்.

அப்பாவுக்கு அடிபட்டு ஆறு நாள் கழித்து எனக்கு எழுதுகிறாய். அதையும் அப்பாவுக்குத் தெரியாமல். நான் என்ன கொலையா செய்தேன்? நீ பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்தபோது ஒரு அறை அறைந்தேன். அப்பா உன் பக்கம் பேசினார். நான் கிளம்பி வந்தேன். அவ்வளவுதானே? வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள் என்பதற்காக யாராவது படிப்பை விடுவார்களா என்று இன்றைக்கும் எனக்கு எரிகிறது. சரி, அது கிடக்கட்டும்.

காலுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்தி வை. குதிகால் படுக்கையில் அழுந்தாமல் பார்த்துக்கொள், புண் வந்துவிடும். இது நான் தினமும் செய்கிற வேலை, அதனால் சொல்கிறேன்.

அந்த விளையாட்டை நீ எழுதியதும் எல்லாம் வந்துவிட்டது. உனக்கு ஐந்து வயது, எனக்குப் பத்து. அம்மா அப்போது உயிரோடு இருந்தாள்; ஆஸ்பத்திரி சமையலறை வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவாள். விளையாட ஒரு கட்டில், ஒரு முக்காலி, ஒரு ஜன்னல். முதல் நாள் முதல் வண்டி பால் வண்டி. 5240. நீ முக்காலியில் ஏறி நின்று, "சைபர், நாலு, ரெண்டு, அஞ்சு" என்று கத்தினாய். நான் அப்படியே எழுதினேன். அம்மாவோடு கடைக்குப் போனபோது அதே வண்டியைக் கிட்டத்தில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. "ஏண்டி பின்னாலிருந்து படிக்கிறே?" என்றால், "வண்டி ஓடுதுல்ல, வாலைத்தானே பிடிக்க முடியும்" என்றாய். நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. ஏழு நோட்டு. எல்லாம் வாலிலிருந்து.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. எழுதாமலே விட்டுவிடலாமா என்று பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன். பூட்டு, அந்தப் பெட்டி மூடியில் நீ எப்படி எழுதினாய்? தலையிலிருந்தா, வாலிலிருந்தா?

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

ஏன் கேட்டாய்? நீ கேட்கிற வரைக்கும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் பெட்டி மூடி தெரிகிறது, பேனா தெரிகிறது, 3817 தெரிகிறது. வேன் தெரியவில்லை. எவ்வளவு முயன்றாலும் அதன் பின்பக்கம் வெறும் வெள்ளையாகத்தான் வருகிறது. அப்பாவின் குழாய் ரோட்டில் உருண்ட சத்தம் மட்டும் கேட்கிறது.

நேற்றும் முந்தாநாளும் சோதித்துப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் டயர் கடை வந்திருக்கிறது. அங்கே நிற்கிற வண்டிகளின் எண்ணை வேகமாக எழுதிவிட்டுச் சரிபார்த்தேன். எல்லாம் நேராகத்தான் இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் தோன்றியது, நிற்கிற வண்டிக்கு வாலைப் பிடிக்க வேண்டாமே. ஓடுகிற வண்டிகளை எழுதினேன். அவை போய்விட்டன. எதோடு சரிபார்ப்பது? நீ பக்கத்தில் இருந்தால் கேட்கலாம்.

உன்னிடம் ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். வேனை அடையாளம் காட்ட என்னை அழைத்துப் போனார்கள். ரொட்டிக்காரரும் அங்கே இருந்தார். அப்பா வயது. சட்டைக் கை மடிப்பில் மாவு. என்னைப் பார்த்து, "பாப்பா, என் வண்டியைத்தான் பாத்தியா? நல்லா நெனச்சுச் சொல்லும்மா. ஒம்போது மணிக்கு நான் அடுப்புப் பக்கம் சரக்கு ஏத்திட்டு இருந்தேன்" என்றார். கூட வேலை செய்கிறவர்களும் அப்படித்தான் சொன்னார்களாம். கூட வேலை செய்கிறவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். முன்னால் இருக்கிற ஒடுக்கு போன வருடத்தது என்றும் சொன்னார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வாய் அடைத்துப்போய்த் தலை குனிந்துகொண்டது. இன்ஸ்பெக்டர், "சரி, பொண்ணு ஆமான்னுடுச்சு" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். அக்கா, நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலை குனிந்தேன். அவ்வளவுதான்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? வலி வரும்போதெல்லாம் அந்த ரொட்டிக்காரரைத்தான் திட்டுகிறார். திட்டி முடித்ததும் கொஞ்சம் தூங்குகிறார். அதையும் பிடுங்கிவிட்டால் அவருக்கு என்ன இருக்கிறது?

பழைய நோட்டைப் பார்த்தாலாவது கை எப்படிப் போகும் என்று தெரியும் என்று தேடினேன். நீ போன பிறகு பரணில் ஆறுதான் இருந்தது. அந்த ஆறையும் அப்பா பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். நான் தனியாக எழுதிய ஏழாவதை நீ தூக்கி எறிந்துவிட்டுப் போனாய் என்று எனக்குத் தெரியும். அறைந்ததைக்கூட மறந்துவிட்டேன். அதை மறக்கவில்லை.

தங்கை

*

ஜூன் 19

பூட்டு,

இந்தக் கடிதத்தோடு உள்ள பொட்டலத்தைப் பிரி. ஏழாவது நோட்டு. எறியவில்லை. எடுத்துக்கொண்டு வந்தேன். மற்ற ஆறும் என் கையெழுத்து, எனக்கு எதற்கு? இது நீ எழுதியது. நான் தையல் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு நீ தனியாக உட்கார்ந்து எழுதி, நான் வந்ததும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவாய். வெளியில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அந்த நேரம் மட்டும் நிறுத்தவே மாட்டாய். அந்தக் குரலுக்காகத்தான் எடுத்து வந்தேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். அன்றைக்கு யாரிடமும் எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

இப்போது நோட்டைத் திறந்து பார். ஒவ்வொரு எண்ணிலும் கடைசி இலக்கத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கும். நினைவிருக்கிறதா? வாலிலிருந்து எழுதினால் தலை கடைசியில் வருகிறது. தலைக்குக் கண் வேண்டும் என்று சொல்லிப் புள்ளி வைக்கச் சொன்னது நான். நீ ஒரு எண்ணுக்குக்கூடக் கண் வைக்காமல் விட்டதில்லை.

ஆகவே ஸ்டேஷனுக்குப் போய் அந்த மூடியைப் பார். 7-க்குக் கீழே புள்ளி இருந்தால் நீ வாலிலிருந்து எழுதியிருக்கிறாய். வேனின் எண் 7183. புள்ளி இல்லாவிட்டால் நேராக எழுதியிருக்கிறாய், அந்த மனுஷன் பொய் சொல்கிறான், நாம் இரண்டு பேரும் தூங்கலாம்.

நானே ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "நீங்க அங்க இருந்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வைங்க" என்று வைத்துவிட்டார். லீவு கேட்டேன். இங்கே இருபத்திரண்டு பேரைக் குளிப்பாட்ட நாங்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். மேனேஜர் கையைக் கூப்பிவிட்டார்.

நீதான் போக வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். உன்னால் முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 27

அக்காவுக்கு,

நோட்டு வந்தது. புள்ளிகளைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கண் இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதியதாக வைத்துக்கொள்.

ஸ்டேஷனுக்கு மூன்று நாள் போனேன். முதல் நாள் வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் என்ன என்று கேட்கவில்லை. மதியத்துக்கு மேல் அப்பாவுக்கு மாத்திரை நேரம் வந்தது, எழுந்து வந்துவிட்டேன். அதே பெஞ்சில் இன்னொரு அம்மா இருந்தார். மடியில் பாத்திரம். ரொட்டிக்காரரின் மனைவி என்று பிறகுதான் தெரிந்தது. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "உனக்கு யாரும்மா உள்ள இருக்காங்க?" என்று என்னைக் கேட்டார். நான் தலை குனிந்தேன். என் தலைக்கு வேறு ஒன்றும் தெரியாது. "அழாதே, வந்துடுவாங்க" என்று முதுகில் தடவிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள், எழுதுகிற காவலரின் மேஜைக்கு முன்னால் போய், ஒரு காகிதத்தில் எழுதியே கொண்டுபோனதை நீட்டினேன். 'பெட்டி மூடியை ஒரு முறை பார்க்க வேண்டும்.' அவர் படித்துவிட்டு, "ஏம்மா, பேச வராதா?" என்றார். "வரும்" என்றேன். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. நல்ல மனிதர்தான். கோப்பை எடுத்துத் திருப்பினார்.

அக்கா, மூடியைக் கத்தரித்து, மற்றக் காகிதங்களோடு கோர்க்க ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டை 7-க்குக் கீழே. அந்த இடத்தில் சரியாக. அதன் வழியாக வெள்ளைக் கயிறு போயிருக்கிறது.

நான் குனிந்து பார்த்தேன். விரலால் தடவினேன். ஓட்டையின் விளிம்பில் நீல மை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "இங்க ஒரு புள்ளி இருந்துச்சா சார்?" என்று கேட்டேன். "புள்ளியா? ஓட்ட போட்டா கோர்க்கத்தாம்மா போடுவோம், புள்ளியெல்லாம் யாரு பாத்தா" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஜன்னல், முக்காலி, வால், கண். நோட்டையும் காட்டினேன். இன்ஸ்பெக்டர் வந்து பக்கங்களைப் புரட்டினார். ஒரு காவலர் தன் வண்டி எண் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர், "அப்ப இன்னிக்கு வாலுங்கறே. நாளைக்கு நடுவுலேர்ந்துன்னு வருவியா? எந்த எண்ணுன்னு இப்ப நீ உறுதியாச் சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்றார்.

உறுதியாக எனக்கு என்ன தெரியும்?

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா, "என் காலைவிட அவன் பெருசாப் போயிட்டானா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர் கேட்பதற்குக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை. டம்ளரைக் கட்டில் சட்டத்தில் தட்டுகிறார்.

தங்கை

*

ஜூலை 4

பூட்டு,

உன்னால் முடியாது என்று எழுதினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன். அந்த ஜன்னலிலிருந்து நான் ஒரு எண்ணைக்கூடப் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணாடி போட்டது பதினான்கு வயதில்தானே. அதற்கு முன்னால் ரோடு எனக்கு ஒரு சாம்பல் நிறப் பட்டை. வண்டிகள் அதில் நிறம் நிறமாக வழுக்கிப் போகும். கண் தெரியவில்லை என்று சொன்னால் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றிவிடுவார்கள், என் சிநேகிதியை விட்டுப் பிரித்துவிடுவார்கள் என்று பயம். அதனால் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அதனால்தான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தேன். நீ கூப்பிடக் கூப்பிட ரோடு எனக்குத் தெரிய ஆரம்பித்தது. "பச்சை லாரி, சாயம் போனது" என்பாய். "ஓட்டறவர் மூக்கைத் துடைக்கிறார்" என்பாய். நான் நீ சொல்கிற எண்ணை எழுதிக்கொண்டே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் குரலால். பூட்டிய அறையில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். பொழுதுபோக்கு என்று சொல்வார்களே, எனக்கு அது பொழுதைப் போக்கவில்லை. பொழுதைக் கொடுத்தது.

கடையில் அந்தப் பால் வண்டியைப் பார்த்த நாளிலேயே நீ தப்பாகப் படிக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருந்தியிருப்பாய். நான் சொல்லவில்லை. நீ அப்படிப் படிப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. என் தங்கை உலகத்தை வாலைப் பிடித்து இழுக்கிறாள் என்று ஒரு கர்வம். அந்தச் சந்தோஷத்தை நான் பன்னிரண்டு வருடம் முன்னால் அனுபவித்துவிட்டேன். அதற்கு இப்போது முன்பின் தெரியாத ஒருத்தர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

எந்த எண் என்று உறுதியாகச் சொல்ல வேண்டாம். உறுதியில்லை என்பதை உறுதியாகச் சொல். அதை எழுதிக்கொள்ளச் சொல். அவர்கள் எழுதாவிட்டால் நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. அப்பா டம்ளரைத் தட்டட்டும். என் பேச்சை எடுத்தாலும் அப்படித்தான் தட்டுவார். பழகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா

*

ஜூலை 21

அக்காவுக்கு,

நீ சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். நான்கே வரி. 'நான் எழுதிய எண் நேரானதா, திருப்பி எழுதியதா என்று எனக்குத் தெரியாது. அந்த வேனைப் பார்த்ததாக நான் சொல்லவில்லை. தலை குனிந்தேன். அது என் பழக்கம்.' இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "உங்கப்பா கேஸை நீயே கெடுத்துட்டே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சலிப்பாகச் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து ரொட்டிக்காரரை விட்டுவிட்டார்கள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று இதை முதலில் எழுதுகிறேன்.

7183-ஐத் தேடுவீர்களா என்று கேட்டேன். "சாட்சிக்கே தெரியலைங்கறப்போ எதைத் தேடறது?" என்று கோப்பை மூடிவிட்டார். அவர் சொல்வதும் சரிதான். அப்பாவை இடித்தவன் எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். இந்த ரோட்டிலேயே, இந்த ஜன்னலுக்குக் கீழேயே போகலாம். ஒருவேளை அது ரொட்டிக்காரரேகூட இருக்கலாம். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்பா ஊன்றுகோலில் நாலு அடி நடக்கிறார். என்னோடு பேசுவதில்லை. நேற்றுத் தலையணையை உயர்த்தி வைத்தபோது, "இதெல்லாம் அவ சொல்லிக் குடுத்ததா?" என்றார். ஆமாம் என்றேன். தலையணையைத் தள்ளிவிடவில்லை. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இன்று காலை நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒன்பது மணி இருக்கும். பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். வேகத்தடைக்கு முன்னால் ஒரு சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பெரிய தகரப் பெட்டி கட்டியிருந்தது. மடித்த சட்டைக் கையைப் பார்த்ததும் ரொட்டிக்காரர்தான் என்று தெரிந்துவிட்டது. தொழிற்சாலையில் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை என்று டயர் கடையில் பேசிக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்குப் போய் வந்தவரிடம் வேன் சாவியை எப்படிக் கொடுப்பது என்றார்களாம். இப்போது வேறு யாரிடமோ ரொட்டி வாங்கித் தெருத் தெருவாக விற்கிறார்.

சைக்கிளைத் தடையின் மேல் ஏற்ற அவருக்குச் சிரமமாக இருந்தது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பிடித்து நிறுத்திக்கொண்டு, நிமிர்ந்து, மேலே பார்த்தார். என் ஜன்னலைத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முகத்தில் கோபம் இருந்ததா என்று நீ கேட்பாய். எனக்குக் கண் நன்றாகத் தெரியும் அக்கா, இருந்தும் படிக்க முடியவில்லை.

இந்தத் தடவை தலை குனியவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பின்னால் அப்பா டம்ளரைத் தட்டினார். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது, சைக்கிள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கண் அதன் பின்பக்கத்துக்குப் போனது. அங்கே எண் எதுவும் இல்லை. பிடிப்பதற்கு வாலும் இல்லை.

ஏழாவது நோட்டை எடுத்தேன். கடைசியில் அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. தேதி போட்டேன். வெள்ளை வேனை எழுதிய கை இது என்று பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எண் இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே கண் மட்டும் வைத்தேன்.

தங்கை